கண்ணாடிக் கூண்டில் அக்கா

அக்கா கண்ணாடிக் கூண்டுக்குள் போய் முப்பத்தொரு மணி நேரமும் நாற்பது நிமிடங்களும் ஆகியிருந்தபோது பட்டியல் வந்தது. பட்டியல் என்று பெயர்தான். ஒரு தாளில் ஒரே ஒரு வரி. அந்த வரியில் தங்கையின் பெயர் இருந்தது.

கண்ணாடிக் கூண்டு என்பது பட்டறையில் வைத்த பெயர். காகிதங்களில் அது நோக்குக்கூடம். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்வெளி நிலையத்தின் வயிற்றுப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய சிறிய அறை. நடுவில் நின்று கையை நீட்டினால் இரண்டு பக்கமும் இடிக்கும். சுற்றிலும் ஐந்து சன்னல்கள், உச்சியில் வட்டமாக ஒன்று. நிலையத்தில் இருப்பவர்கள் அதற்குள் வந்து பூமியைப் பார்க்கலாம், நிலையத்தை நோக்கி வரும் கலங்களைக் கண்ணால் பார்த்து வழிநடத்தலாம். ஆறு சன்னல்களின் கண்ணாடியையும் அவற்றைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையங்களையும் பொருத்தியவள் அக்கா. கண்ணாடிகளை வெளியிலிருந்து மூடும் உலோக இமைகளையும், உள்ளிருந்து அவற்றைத் திருப்பித் திறக்கும் கைப்பிடிகளையும் பொருத்தியவள் தங்கை. ஆறு வருட வேலை.

கடைசிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. கூண்டை ஒரு பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் வைத்து, பீப்பாயிலிருந்து காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். கூண்டுக்குள் மட்டும் காற்று. அதற்குள் ஒரு ஆள் நூற்று இருபது மணி நேரம் இருந்து காட்ட வேண்டும். நடுவில் ஆள் வெளியே வந்துவிட்டால் சோதனை செல்லாது. மறுபடி ஏற்பாடு செய்ய இரண்டு மாதம் ஆகும். ராக்கெட் ஐந்து வாரத்தில் கிளம்புகிறது, அது யாருக்காகவும் நிற்காது.

கூண்டோடு மேலே போய் அதை நிலையத்தில் பொருத்திக் கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. கட்டியவர்களில் ஒருவர். ஒரே ஒரு இருக்கை. அக்கா அதைப் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்காக ஓடினாள், நீந்தினாள், கல்யாணத்தை மூன்று முறை தள்ளிப்போட்டாள். மாப்பிள்ளை இரண்டு முறை காத்திருந்து பார்த்துவிட்டு மூன்றாவது முறை வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். நூற்று இருபது மணி நேரத்தையும் முடித்துவிட்டால் இருக்கை தனக்குத்தான் என்று அக்கா நம்பினாள். அப்படி யாரும் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

விண்ணப்பத்தில் ஒவ்வொருவரும் தங்களுக்கு மாற்றாக ஒரு பெயரைத் தர வேண்டும் என்பது விதி. எல்லோரும் யோசித்தார்கள். மாற்று ஆள் கெட்டிக்காரராக இருந்தால் ஆபத்து. அக்கா யோசிக்கவே இல்லை, தங்கையின் பெயரை எழுதினாள். "பயப்படாதே, நீ ஒப்புக்குச் சப்பாணி" என்றாள். தங்கை லிஃப்டில் ஏறினாலே முகம் வெளுத்துப்போகிறவள். மாற்று ஆளைப் பற்றிக் குழுத் தலைவர் நான்கு வரி எழுதித் தர வேண்டியிருந்தது. குழுத் தலைவரும் அக்காதான். விண்ணப்பம் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று தாராளமாக எழுதினாள். எழுதியதைச் சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்குப் படித்தும் காட்டினாள். சொன்னதைச் செய்வாள். எதிர்த்துப் பேச மாட்டாள். பதறமாட்டாள். தனக்கென்று எதையும் கேட்கமாட்டாள்.

"இது ஆளா, அலமாரியா?" என்று அம்மா கேட்டாள். அக்கா புரையேறும்வரை சிரித்தாள். தங்கைதான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தேர்வுக் குழுவுக்கு அந்த நான்கு வரிகளும் பிடித்துப்போய்விட்டன. சின்ன இடத்தில் ஆறு மாதம் மற்றவர்களோடு அடைந்துகிடக்க இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று தாளின் அடியில் குறிப்பு எழுதியிருந்தார்கள்.

தாளைத் தங்கைக்குக் காட்டியது சோதனையின் தலைவி. எல்லோருடைய அறிக்கையையும் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவதால் அவருக்கு டீச்சர் என்று பெயர். அவருடைய அறையில் வால்வும் இருந்தார். பீப்பாயின் குழாய்களையும் பம்புகளையும் முப்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர், அதனால் அந்தப் பெயர். கூப்பிட்டால் அதற்குத்தான் திரும்புவார்.

டீச்சர் தாளை மடித்து உறைக்குள் போட்டார்.

"அவ வெளிய வர்ற வரைக்கும் அவளுக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா கதவைத் தட்டுவா. கதவைத் திறந்தா கூண்டு போச்சு. கூண்டு போச்சுன்னா உன் சீட்டும் போச்சு. அவகூடப் பேசறது நீ மட்டும்தான். புரியுதா?"

தங்கை புரிகிறது என்று தலையசைத்தாள்.

பேசுவது அவள் மட்டும்தான் என்பது அங்கே பழைய வழக்கம். உள்ளே இருப்பவர் ஒரே ஒரு குரலைத்தான் கேட்க வேண்டும். பல குரல் கேட்டால் குழப்பம் வரும், சண்டை வரும். டாக்டர் கேட்பதும் டீச்சர் கேட்பதும் அந்த ஒரு குரல் வழியாகத்தான் போகும், பதிலும் அதே வழியாகத்தான் வரும். உள்ளே இருப்பவர் தூங்கும்போது குரலும் மேசைக்குப் பக்கத்தில் போட்ட கட்டிலில் தூங்க வேண்டும். தன் குரலாகத் தங்கையைக் கேட்டு வாங்கியதும் அக்காதான். வேறு யாராவது என்றால் பதில் பேசித் தொலைப்பார்கள் என்று காரணம் சொன்னாள்.

குரலின் மேசைக்கு எதிரே பீப்பாயின் சுவரில் தட்டு அகலத்தில் தடித்த கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் கூண்டின் இரண்டாவது சன்னல் தெரியும். சன்னலுக்குள் அக்காவின் முகம் தெரியும்.

தங்கை மேசைக்குத் திரும்பியபோது வால்வு பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேலே போகிறவர்களின் கையை இப்போதே குலுக்கிவைத்துக்கொள்ள வேண்டும், வந்த பிறகு நாமெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டோம் என்றார். பம்பு அறையிலிருந்து இரண்டு பேர் வந்து அவர்களும் குலுக்கினார்கள். மணி அடித்தது. உள்ளிருந்து அக்கா.

பேசும்போது ஒருவரை ஒருவர் 'உள்ளே', 'வெளியே' என்றுதான் அழைக்க வேண்டும். எல்லாம் பதிவாகிறது. அக்கா அந்த விதியை முதல் மணி நேரத்திலேயே கைவிட்டிருந்தாள்.

"என்னடி அங்க, ஆளாளுக்குக் கை குலுக்கறீங்க?"

"வால்வு சார் பொண்ணு பாஸ் பண்ணிடுச்சாம்."

"அந்த மக்கா? பரவாயில்லையே. என் வாழ்த்தைச் சொல்லு."

தங்கை திரும்பிச் சொன்னாள். வால்வு தடித்த கண்ணாடியைப் பார்த்துக் கையை உயர்த்தி நன்றி காட்டினார். அவருடைய மகள் அந்தத் தடவை பரீட்சையே எழுதவில்லை.

அதன்பிறகு எதுவும் கடினமாக இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அக்கா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துச் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே ஈரம் படிந்தால் வளையத்தில் கசிவு என்று அர்த்தம். ஒன்று, உலர்வு. இரண்டு, உலர்வு. தங்கை எழுதிக்கொள்வாள். நடுநடுவே அக்கா தான் மேலே போன பிறகு நடக்க வேண்டியவற்றைச் சொல்வாள். தன் மேசையில் தங்கை உட்கார்ந்துகொள்ளலாம், ஆனால் இழுப்பறையைத் திறக்கக் கூடாது. வீட்டில் தன் அறையில் படுத்துக்கொள்ளலாம், கட்டிலை நகர்த்தக் கூடாது. ஆறு மாதத்துக்குள் வாயைத் திறந்து பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். "உன் குரல் கொசு மாதிரி இருக்கு. எங்க இருக்குன்னே தெரியல, தூங்கவும் விடல." தங்கை ஒவ்வொன்றுக்கும் சரிக்கா என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் விஷயம் மற்றப் பிரிவுகளுக்குப் பரவிவிட்டது. டீ நேரத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெயின்ட் பிரிவிலிருந்து, கணக்கீட்டுப் பிரிவிலிருந்து, கேன்டீனிலிருந்துகூட. கையில் டம்ளரோடு வரிசையாக வந்து தடித்த கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். விஷயம் தெரியாத ஒரு ஆள் எப்படி இருப்பாள் என்று பார்க்கத்தான். பார்த்துவிட்டுக் கையசைத்தார்கள். அக்காவும் கையசைத்தாள்.

இன்றைக்கு ஊரே திரண்டு வருகிறதே, பட்டியல் ஏதாவது கசிந்துவிட்டதா என்று அக்கா கேட்டாள். தெரியவில்லை என்றாள் தங்கை.

"உனக்கு என்னதான் தெரியும்? சும்மா வருவாங்களா? என் பேரா இருக்கப்போய்த்தான் வர்றாங்க."

அக்கா சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டாள். இரண்டாவது சன்னலுக்கு நேராக வந்து நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் சிரித்தாள். வரிசையில் நின்ற ஒரு பெண் பார்க்க முடியாமல் பாதியில் திரும்பிப் போனாள். வால்வு அவளைத் தடுத்து, டிக்கெட் இல்லாமல் வந்துவிட்டு முழுக் காட்சியும் பார்க்காமல் போகிறாயே என்றார். வரிசை சிரித்தது. அவர்கள் சிரிப்பதைப் பார்த்து உள்ளே அக்காவும் சிரித்தாள்.

தங்கை சிரிக்கவில்லை. ஆனால் வரிசையைப் போகச் சொல்லவும் இல்லை.

அன்று மதியம் அம்மா போன் செய்தாள். உள்ளே இருப்பவள் சாப்பிட்டாளா என்று கேட்டாள், வெளியே இருப்பவளைக் கேட்கவில்லை. பட்டியல் எப்போது வரும் என்றாள். தங்கை இன்னும் இல்லை என்றாள். அம்மா பெருமூச்சு விட்டாள்.

"அவளுக்குக் கிடைக்கலைன்னா உடைஞ்சுபோயிருவா. நீ வேற ரகம். உனக்குக் கிடைக்கலைன்னா உனக்கே தெரியாது."

ம் என்றாள் தங்கை.

எழுபத்தேழாவது மணி நேரத்தில் ஐந்தாவது சன்னலின் இமை பாதியில் நின்றுவிட்டது. அக்கா கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். இமை திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. இமை வேலை செய்யாவிட்டால் கூண்டு தேறாது. டீச்சர் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். டாக்டர் வந்தார், வால்வு வந்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று தங்கை ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டாள்.

அக்கா கைப்பிடியின் மூடியைக் கழற்றினாள். இருபது நிமிடம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சிரிப்பு.

"வாஷரைத் தலைகீழா மாட்டியிருக்கா. எல்லாரும் கேளுங்க, பதிவாகட்டும். ஆறு வருஷம் இந்த ஒரே வேலை. அதுலயும் வாஷர் தலைகீழ். இவளை என் மாற்றுன்னு எழுதினேன் பாருங்க, எனக்குத்தான் ஒரு மெடல் குடுக்கணும்."

டாக்டர் வேறு பக்கம் பார்த்தார். தங்கையின் காது சிவந்துபோயிருந்தது. அக்கா வாஷரைத் திருப்பி மாட்டினாள். பெரிய விரல்களால் செய்ய முடியாத வேலை அது, நகம் ஒன்று பிய்ந்தது. இமை முழுவதும் மூடி முழுவதும் திறந்தது. மற்ற ஐந்து கைப்பிடிகளையும் அவள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். அவற்றில் எல்லாம் சரியாக இருந்தது. அதைச் சொல்லும்போது அவள் ஒலிபெருக்கிக்காகக் குரலை உயர்த்தவில்லை.

"அழுதுடாதே. நான் இருக்கும்போது என்ன பயம்?"

"அழலக்கா."

தங்கை உண்மையைத்தான் சொன்னாள். அவள் அழவில்லை. ஐந்தாவது இமை, பழுது, சரிசெய்யப்பட்டது என்று நேரத்தோடு எழுதிக்கொண்டாள். டீச்சர் அதில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார்.

நூறாவது மணி நேரத்தைத் தாண்டியபோது அக்காவின் குரல் மாறியது. கூண்டு குளிர்ந்திருந்தது. காற்றில் ஈரம் குறைவு. தொண்டை கமறுகிறது என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை. சன்னல் கணக்கு மட்டும் தவறவில்லை. ஒன்று, உலர்வு. இரண்டு, உலர்வு.

நூற்றுப் பதினான்காவது மணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. கூண்டுக்குள் இருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்ற வேண்டும். ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, மறுபடி பன்னிரண்டே நிமிடத்தில் நிரப்ப வேண்டும். மேலே எப்போதாவது அவசரமாகக் காற்றை நிரப்ப நேர்ந்தால் அக்காவின் வளையங்கள் தாங்குமா என்பதற்கான சோதனை. மெதுவாக நிரப்பினால் அது சோதனையே இல்லை. காற்று குறையும்போது உள்ளே இருக்கிறவருக்குத் தொந்தரவு அதிகம் இராது. ஏறும்போதுதான் காது அடைக்கும். மூக்குத் திறந்திருந்தால் விழுங்கி விழுங்கிச் சமாளித்துக்கொள்ளலாம். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் காதுக்குள் காற்று புக வழியில்லை, வெளியே ஏறுகிற அழுத்தம் சவ்வை உள்பக்கமாக அமுக்கும்.

அதனால் ஆரம்பிப்பதற்கு முன்னால் டாக்டர் கேட்பார். சளி உண்டா, அடைப்பு உண்டா. உண்டு என்றால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். அது அவர் கையில் இருக்கிற அதிகாரம், டீச்சரால்கூட மறுக்க முடியாது.

டாக்டர் மேசைக்குப் பின்னால் நின்று கேட்டார். தங்கை அதை மைக்கில் சொன்னாள்.

"உள்ளே, டாக்டர் கேக்கறாங்க. சளி, மூக்கடைப்பு, காதுவலி ஏதாவது இருக்கா?"

தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா இரண்டாவது சன்னலருகே வந்தாள். தங்கையின் நாற்காலியிலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும் இடத்தில் நின்றாள். கணக்கு எழுதும் தாளின் பின்பக்கத்தில் எதையோ எழுதி, கண்ணாடியில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக் காட்டினாள். அந்த நேரத்திலும் கண்ணாடியில் விரல் படவில்லை.

பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தது.

ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு. லிஸ்ட் வந்து என் பேரு இல்லைன்னா சொல்லு, வெளிய வந்துடறேன். வரலைன்னா டாக்டர்கிட்ட சொல்லாதே.

தங்கை அதை இரண்டு முறை படித்தாள். டாக்டர் அவள் முதுகுக்குப் பின்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று தலையசைத்தால் அக்கா கதவைத் தட்டுவாள். அரை மணியில் வெளியே வருவாள். காது பிழைக்கும், கூண்டு கீழேயே கிடக்கும். ராக்கெட் வேறு எதையாவது ஏற்றிக்கொண்டு போகும்.

அக்கா புருவத்தை உயர்த்தினாள். வந்ததா?

தங்கை இல்லை என்று தலையசைத்தாள். ஒரே ஒரு முறை, இடமும் வலமும்.

அக்கா தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வெளியே, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டர்கிட்ட சொல்லு."

"ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க டாக்டர்" என்றாள் தங்கை.

காற்றைக் குறைத்தார்கள். ஒரு மணி நேரம் போனது. அக்கா சன்னல்களைப் பார்த்தாள், எல்லாம் உலர்வாக இருந்தன. அவள் குரலில் ஒரு குதூகலம்கூட இருந்தது, முடியப்போகிறது என்று. பிறகு வால்வு தன் சக்கரத்தைத் திருப்ப ஆரம்பித்தார். காற்று ஏறியது.

நிமிடத்துக்கு ஒருமுறை அக்கா சன்னல் ஒன்றின் நிலையைச் சொல்ல வேண்டும். முதல் நிமிடம், ஒன்று, உலர்வு. இரண்டாம் நிமிடம், இரண்டு, உலர்வு. நான்காம் நிமிடத்தில் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை உப்பினாள். ஐந்தாம் நிமிடத்தில் மறுபடியும். ஆறாம் நிமிடத்தில் நெற்றியை இரண்டு சன்னல்களுக்கு நடுவே இருந்த உலோகச் சட்டத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். உச்சிச் சன்னல், உலர்வு.

குரலின் மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வால்வின் சக்கரம் எந்த நிமிடத்திலும் நின்றுவிடும். தங்கையின் கை பேனாவைப் பிடித்திருந்தது.

எட்டாம் நிமிடத்தில் அக்கா ஏதோ சொன்னாள். சொல் இல்லை, சத்தம். டீச்சர் என்ன என்று கேட்டார். இருமல் என்றாள் தங்கை. ஒன்பதாம் நிமிடத்தில் அக்கா இடது காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். தடித்த கண்ணாடியில் அவள் தலை மறைந்தது, வெறும் சன்னல் தெரிந்தது. ஒலிபெருக்கியில் மூச்சு கேட்டது. பிறகு பத்தாம் நிமிடத்துக்கான பதில், சரியான நேரத்தில்.

"நாலு. உலர்வு."

"நாலு, உலர்வு" என்று திருப்பிச் சொல்லி எழுதினாள் தங்கை.

பதினொன்று, ஐந்து, உலர்வு. பன்னிரண்டு, உச்சி, உலர்வு. வளையங்கள் ஆறும் தாங்கின. டீச்சர் முதல் முறையாகச் சிவப்புப் பேனாவை மூடிவைத்தார். பம்பு அறையில் யாரோ விசில் அடித்தார்கள்.

மீதி நான்கு மணி நேரமும் சில நிமிடங்களும் அக்கா படுத்தே இருந்தாள். கேட்டபோது அசதி என்றாள். தங்கை அசதி என்று எழுதினாள்.

நூற்று இருபதாவது மணி நேரத்தில் பீப்பாய்க்குள் காற்றை விட்டு, பெரிய கதவைத் திறந்தார்கள். எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் கூடியிருந்தார்கள். கைதட்டினார்கள். அக்கா கூண்டின் வட்ட வாயிலிலிருந்து குனிந்து வெளியே வந்தாள். இடது பக்கம் கழுத்துவரை ரத்தம் காய்ந்திருந்தது, காலர் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அடி வைத்தவுடன் சுவர் இருக்கும் பக்கம் சாய்ந்தாள். சுவர் அவள் நினைத்த இடத்தில் இல்லை. வால்வு பிடித்துக்கொண்டார். கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது.

அவளை நாற்காலியில் உட்காரவைத்து டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சவ்வு கிழிந்திருக்கிறது, அது ஒட்டிக்கொள்ளும் என்றார். ஆனால் தலைசுற்றல் இருப்பதைப் பார்த்தால் உள்காதும் போயிருக்கிறது, அந்தப் பக்கம் இனிக் கேட்குமா என்று சொல்ல முடியாது என்றார். அப்புறம் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டே, பறப்பதற்கு இனி நான் மட்டுமல்ல, எந்த டாக்டரும் கையெழுத்துப் போடமாட்டார் என்றார். அதை அவர் அக்காவின் இடது பக்கம் நின்று சொன்னார். அக்கா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

டாக்டர் வலப்பக்கம் வந்து, சளி இருந்தது உனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். அக்காவின் சட்டைப்பையில் மடித்த தாளின் ஓரம் வெளியே தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினாள்.

"தெரியாது டாக்டர். காத்து ஏறும்போதுதான் அடைச்சுது. இவ கரெக்டாத்தான் கேட்டா."

யாரோ நாற்காலிக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்தார்கள். அக்கா குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மூன்றாம் நாள் கண்ணாடி வழியாக அவளுக்குக் கையசைத்த முகங்கள்தான். இப்போது ஒருவரும் அசையவில்லை. அவள் அதற்கும் ஒரு அர்த்தம் வைத்திருந்தாள். சிரித்தாள்.

"ஏன்டி எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? முடிச்சுட்டேன்ல? ஆறு சன்னலும் தாங்குச்சுல்ல? லிஸ்ட் எங்க?"

டீச்சர் கையில் உறை இருந்தது. அவர் அதைக் கொடுக்கவில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அக்கா, ஐந்து நாளாக ஒரே குரலைக் கேட்டுப் பழகியவள், அந்தக் குரலின் பக்கமே திரும்பினாள்.

"நீ சொல்லு. வந்துருச்சா?"

தங்கை ஏதோ சொன்னாள்.

"கேக்கல. இந்தப் பக்கம் வா. இந்தக் காதுல சொல்லு."

தங்கை நாற்காலியைச் சுற்றி வலப்பக்கம் வந்தாள். குனியவில்லை, நின்றபடியே சொன்னாள்.

"வந்துருச்சுக்கா. உன் பேரு இல்ல. என் பேரு இருக்கு."

அக்கா முதலில் மறுபடியும் சிரித்தாள். கேட்டது தவறாக இருக்கும் என்பதுபோலக் காதைத் தொட்டுப் பார்த்தாள், நல்ல காதை. வால்வு தரையைப் பார்த்தார். டாக்டர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அக்காவின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கி, பிறகு கீழ் உதட்டில் மட்டும் மிஞ்சியது. அவள் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"எப்ப வந்துச்சு?"

டீச்சர் முந்திக்கொண்டார். குனிந்து, அக்காவின் நல்ல காதுப் பக்கம், அவர் யாரிடமும் பேசாத மெல்லிய குரலில் சொன்னார்.

"இப்பதாம்மா. நீ வெளிய வர்றதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் வந்துச்சு."

அக்கா அவரை நம்பினாள். அது முகத்தில் தெரிந்தது. கை பையிலிருந்து வெளியே வந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் யாரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஆஸ்பத்திரி வண்டி வந்திருக்கும். டீச்சர் தங்கையைப் பார்த்தார், போதும் என்ற பார்வை. தங்கை ஐந்து நாளாக அந்தப் பார்வைக்கெல்லாம் சரி என்று தலையசைத்தவள். பம்பு அறையின் கதவருகே நின்றவர்களுக்கும் கேட்கும்படி, இதற்கு முன் யாரும் கேட்டிராத உரத்த குரலில் அவள் சொன்னாள்.

"இப்ப இல்லக்கா. மூணரை நாளாச்சு. நீ தாளைக் காட்டிக் கேட்டப்பவே எனக்குத் தெரியும்."